தாயுள்ள அநாதைகள்
(திருவிழாச் சிறப்புக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



அநாதைக் குழந்தைகளை ஆதரித்தல் பெரும் புண்ணியம் எனக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அப்புண்ணியம் நேப்பாளத்தில் எவ்வாறு வழிதவறியது என்பதையே இன்று சொல்ல வந்தேன்.

நேப்பாளம் நமக்கு அந்நியமன்று. பசுபதிநாதரும், ஆழ்வார் மங்களாசாசனம் பெற்ற சாளக்கிராமத் திருப்பதியும் அங்கே உள்ளன. திருக்கயிலை யாத்திரை செல்வோரில் பலர் சிறு விமானத்தில் சிமிகோட் சென்று இறங்குவர். ஹும்லா மாவட்டத்தின் தலைமையூர் அது. பல்லாண்டு காலம் நாட்டின் சாலைகள் எட்டாத மலைப்பகுதி; விளைச்சல் ஆண்டு முழுதும் வயிறு நிறையப் போதாது.

1996 முதல் 2006 வரை நடந்த உள்நாட்டுப் போரின்போது, பிள்ளைகளைப் படைக்குப் பிடித்துச் செல்வர் என்னும் அச்சம் அம்மலையூர்களைப் பற்றிக்கொண்டது. அவ்வேளையில் தரகர்கள் வந்தனர். “காட்மாண்டுவில் நல்ல பள்ளியில் சேர்க்கிறோம்” என்றனர். பெற்றோர் நிலத்தையும் கால்நடையையும் விற்றுப் பணம் கொடுத்து அனுப்பினர். நகரம் சேர்ந்ததும் அப்பிள்ளைகள் பலர் ‘அநாதைகள்’ ஆயினர். பெற்றோர் இறந்ததாகப் போலிச் சான்றுகளும் உண்டாயின. வெளிநாட்டு அன்பர்களின் நன்கொடை குவிந்தது. குழந்தை மெலிந்திருந்தால் நன்கொடை மிகும் என்று கணக்கிட்டவர்களும் இருந்தனர். என்ன கொடுமை இது!

நேப்பாள இல்லங்களில் வளரும் குழந்தைகளில் ஐந்தில் நால்வருக்கு மேல் தாயோ தந்தையோ உயிருடன் இருப்பதாக யுனிசெப் கூறியுள்ளது. இல்லங்களிற் பெரும்பாலானவை வறுமை மிக்க மலை மாவட்டங்களில் இல்லை. சுற்றுலாப் பயணிகள் வரும் காட்மாண்டு, பொக்காரா போன்ற இடங்களிலேயே உள்ளன. இதற்கு விளக்கம் வேண்டுமோ?

2015 நிலநடுக்கத்திற்குப் பின் பாதுகாவலரின்றிப் பிள்ளைகளை மாவட்டம் கடத்துவதை அரசு கட்டுப்படுத்தியது. இல்லங்கள் இறுதிப் புகலிடமாகவே இருத்தல் வேண்டும் என 2018ஆம் ஆண்டுச் சட்டமும் வகுத்தது. உண்மையாகவே ஆதரவற்ற பிள்ளைகளும் உளர். அவர்களைக் காக்கும் நல்லோரை நான் குறை கூறவில்லை.

ஆகவே, யாத்திரை செல்லும் அன்பர்கள் ஓர் இல்லத்திற்கு நன்கொடை வழங்குமுன் இரண்டு கேள்விகள் கேளுங்கள். இப்பிள்ளையின் சொந்த ஊர் எது? உறவினர் கடைசியாக எப்போது வந்து பார்த்தனர்? விடை வரத் தயங்கினால், அப்பணத்தை ஊர்ப் பள்ளிக்கும் அங்கேயே வாழும் தாயின் பிழைப்புக்கும் உதவுவோரிடம் சேர்ப்பியுங்கள்.