பேசிய விலையும் பெயர்ந்த நாவும்

(துறையூரில் நம் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



மனை கொள்ளலும் விற்றலும் நம்மவர் குடும்பங்களில் தலைமுறைக்கு ஒருமுறை நிகழ்வன. அவற்றினிடையே ஒரு தீய வழக்கம் புகுந்துள்ளது. விலை பேசி, அச்சாரம் கொடுத்து, பத்திரம் எழுத நாளும் குறித்தபின், "இரண்டு லட்சம் குறைத்தாலன்றிக் கையெழுத்திடோம்" என்று வாங்குவோர் கூறுகின்றனர். "அடுத்த மனை மிகுவிலைக்குப் போயிற்று, இன்னும் தருக" என்று விற்போர் கூறுகின்றனர். இவ்வாறு கேட்டல் எப்பொழுது முறையாம், எப்பொழுது முறையன்றாம் என்பதையே இன்று உங்கள்முன் ஆராயப் புகுகின்றோம்.

பச்சைமலையில் மரவள்ளி பயிரிடுவோர் இதனை நன்கறிவர். கிழங்கு மண்ணுள் இருக்குமளவும் உடையவன் நல்ல விலைக்குக் காத்திருக்கலாம். பிடுங்கிவிட்டாலோ இரண்டு மூன்று நாளில் அது கெடத் தொடங்கும். அந்நேரத்தில் வண்டியோடு வந்து நின்று, முன்பேசிய விலையைக் குறைப்பவன் கிழங்கின் குற்றங்கண்டு குறைத்தானல்லன். உடையவனது இடர்கண்டு குறைத்தான். அச்சாரம் வாங்கியபின் வீடு விற்போரும் பிடுங்கிய கிழங்கின் நிலையினரே. அப்பணத்தை நம்பி மகளுக்கு மணநாள் குறித்திருப்பர். கேட்டு வந்த பிறரைத் திருப்பி அனுப்பியிருப்பர். வாங்குவோரும், நகையை விற்று, வங்கியிற் கடன் எழுதி, இருந்த வீட்டைக் காலிசெய்ய ஒப்பி நிற்பர். இருதிறத்தாருள் எவர் மற்றவரது இக்கட்டை விலையாக்கினும் பிழை ஒன்றே.

நம் முன்னோர் விலையை எங்ஙனம் போற்றினர்? சோழர் காலத்து நிலவிலைக் கல்வெட்டுக்களில் விலையாவணம் என்ற சொல்லோடு பொருள்மாவறுதிப் பொருட்செலவோலை என்ற தொடரும் வரக் காண்கின்றோம். விற்றதற்குச் சான்றும் பணம் முற்றும் பெற்றதற்குச் சான்றும் அவ்வோர் ஆவணமே என்பது கருத்து. விலை ஒருமுறை அறுதியாயின் பின்னர்ப் பேச்சில்லை என்பதனை அவர் கல்லிலேயே பொறித்தனர்.

இக்காலத்துச் சட்டமோ பேச்சுக்கும் பத்திரத்துக்கும் இடையே ஓர் இடைவெளி வைத்துள்ளது. 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 54ஆம் பிரிவின்படி விற்பனை உடன்படிக்கை மட்டும் சொத்தில் உரிமை எதனையும் தருவதன்று. அவ்விடைவெளியிலேதான் நாப்பெயர்ச்சி நுழைகின்றது. ஆயினும் அதே சட்டத்தின் 55ஆம் பிரிவு ஒரு நேர்மையான அளவுகோலையும் தருகின்றது. சொத்திலோ உரிமைமூலத்திலோ விற்போர் அறிந்ததும், வாங்குவோர் அறியாததும், சாதாரணக் கவனத்தால் கண்டுகொள்ள இயலாததுமான பெருங்குறை இருப்பின், அதனை விற்போர் வெளிப்படுத்தல் வேண்டும் என்பதே அது. மறைக்கப்பட்ட அத்தகைய குறை பின்னர் வெளிப்படின் விலையை மீளப் பேசுதல் முறையே. முன்னரே கண்ணுக்குத் தெரிந்த சுவர்வெடிப்பைப் பத்திர நாளில் எடுத்துக் காட்டுதல் முறையன்று.

திருவரங்கத்தை நோக்குக. வீடு குடியிருப்போரதாகவும், அடிமனை கோயிலதாகவும் வழக்கு எழுந்த தெருக்கள் அங்கு உண்டென்பது ஊரறிந்த செய்தி. ஆண்டு வீடு வாங்கப் புகுவோர் அச்சாரத்துக்கு முன்னரே அடிமனை யாருடையதெனக் கேட்டு, வில்லங்கச் சான்றும் மூலப்பத்திரமும் பார்த்தல் கடன். கேளாதிருந்துவிட்டு, இறுதி நாளில் அதனைச் சொல்லி விலை குறைத்தல் தம் சோம்பலுக்குப் பிறரிடம் தண்டம் வாங்குதலாம்.

காலந்தாழ்த்தலால் வருங்கேட்டிற்கு மதுரையில் நிகழ்ந்த ஒரு வழக்குச் சான்று. ஆண்டு ஒரு வீட்டை 60,000 ரூபாய்க்கு விற்க 1978 டிசம்பரில் உடன்படிக்கை ஆயிற்று. முன்பணம் 5,000 ரூபாய். தவணை ஆறு மாதம். வாங்குவோர் இரண்டரை ஆண்டு வாளாவிருந்தார். அதற்குள் வீட்டுவிலை மும்மடங்காயிற்று. பத்திரம் எழுதித் தரவேண்டுமென்று அவர் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம்வரை சென்று, 1997இல் அவர்க்கு எதிராக முடிந்தது. விலையேற்றம் ஒன்றே காரணமாக விற்போர் சொல் தவறலாம் என்று இதனைக் கொள்ளற்க. தவணையை வாங்குவோர் மறந்தமையும் விலையேற்றமும் சேர்ந்தே அங்குத் தராசைச் சாய்த்தன. 2018இல் வந்த சட்டத்திருத்தமோ, சொன்னபடி பத்திரம் எழுதித் தரச்செய்தலை நீதிமன்றத்தின் விருப்பளவில் நில்லாதபடி வலுப்படுத்தியது. ஆதலின் விற்போர்க்கும் இனித் தப்புவழி குறுகிற்று.

ஆகவே நம்மவர்க்கு யாம் கூறுவன சில. வீட்டைக் கொத்தனாரைக் கொண்டும் பத்திரங்களை வழக்கறிஞரைக் கொண்டும் அச்சாரத்துக்கு முன்னரே ஆராய்க. உடன்படிக்கையை வாய்ச்சொல்லாக விடாது எழுதிப் பதிக; தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் அது பதியப்பட வேண்டுவதாயிற்று. புதுக்குறை ஒன்று உண்மையாகவே தோன்றின், தோன்றிய அன்றே சொல்லுக. பத்திரநாள்வரை கைக்குள் மறைத்து வைத்தல் வஞ்சம். அதனைச் செப்பனிட ஆகுஞ் செலவைக் கணக்கெழுதிக் காட்டி, அவ்வளவே கேட்க, ஒருமுறையே கேட்க. இருவரும் இசைந்த புதுவிலையையும் எழுத்திலும் பதிவிலும் ஏற்றுக. இசைவில்லையேல், கொடுத்த முன்பணத்தை வழக்கின்றித் தீர்த்துப் பிரிக.

ஒன்றுமட்டும் நினைவிற் கொள்க. நம் சங்கத்தில் விற்போரும் வாங்குவோரும் பெரும்பாலும் மாமனும் மச்சானும், சம்பந்தியும் பங்காளியுமாவர். பத்திர அலுவலகத்தில் மிச்சப்பட்ட இரண்டு லட்சம் சில ஆண்டில் செலவாகிவிடும். அன்று தலைகுனிந்து கையெழுத்திட்டவர் வீட்டுத் திருமணத்துக்கு நமக்கு அழைப்பு வாராமை பேரப்பிள்ளைகள் காலத்தும் நிற்கும். விலையைப் பேசுமுன் நூறுமுறை பேசுக. பேசியபின் நா பெயராதிருக்க.