பால்மாப் பேணிக்குள் ஒரு மொறிஸ் மைனர்



யாரோ பாதி திருத்தி விட்டுவிட்ட பழைய காரை வாங்கி, மிச்ச வேலையை முடித்து றோட்டில் இறக்குவது பற்றிப் பேசக் கேட்டிருக்கிறார்கள். முப்பது வருடமாக நான் செய்கிற வேலை அது. ஒரு காரை வைத்தே சொல்லிவிடுகிறேன், கேட்கிறவர்களுக்கும் அது லேசாக விளங்கும்.

2011ஆம் ஆண்டு. சண்டிலிப்பாயில் கல்வளைப் பிள்ளையார் கோயிலுக்குக் கிட்ட ஒரு வளவு. மாட்டுக் கொட்டிலுக்குள் 1958ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் 1000 நிற்கிறது. இஞ்சினைக் கழற்றி மரக்குற்றிகளில் ஏற்றி வைத்திருக்கிறது. முன் மட்காட் ஒன்றில் மட்டும் புதுப் பெயின்ற், மற்றதெல்லாம் கறள். சுவரோரமாகப் பதினேழு பால்மாப் பேணிகள். ஒவ்வொன்றிலும் கடதாசி ஒட்டி, மணிமணியான எழுத்தில் 'முன் இடது சில்லு', 'கதவுப் பூட்டு', 'டைனமோ' என்று எழுதியிருந்தது.

வீட்டு ஆச்சி சொன்னா: "அண்ணர் 95 தையிலை கழட்டத் துவங்கினவர் தம்பி. சண்டை நிண்டிருந்த நேரம். ஐப்பசியிலை ஊரோடை வெளிக்கிட்டிட்டம். இஞ்சின் கழண்டு கிடந்தபடியாலை காரை ஒருத்தரும் கொண்டு போகேல்லை. காபரேற்றரையும் கார்ப் புத்தகத்தையும் மட்டும் காணி உறுதியோடை வைச்சுச் சாவகச்சேரிக்குக் காவினவர்."

அண்ணர் பிறகு கனடா போய் அங்கேயே காலமாகிவிட்டார். பேணிகளை ஆச்சிதான் தூசி தட்டிக் காத்திருக்கிறா.

நேயர்களே, அரைவாசி வேலை முடிந்த கார் ஒன்றைப் பார்க்கப் போனால், விலை கேட்க முதல் வேலை எந்த இடத்தில் நின்றது, ஏன் நின்றது என்று கேளுங்கள். காசில்லாமல் நின்றதென்றால் விலைகூடிய சாமான்கள் ஏற்கெனவே கழன்று விற்றுப் போயிருக்கும். ஒரு சிக்கலில் மாட்டி நின்றதென்றால் அந்தச் சிக்கல் அங்கேயேதான் இருக்கும், அநேகமாகப் பட்டிக்கும் பெயின்றுக்கும் கீழே. இந்தக் கார் நின்றது இடப்பெயர்வால். செய்தவருடைய கையில் பிழை இல்லை என்பது பேணிகளைக் கண்டவுடனே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆச்சி சொன்ன விலையைக் குறைத்துக் கேட்க எனக்கு மனம் வரவில்லை.

பத்திரத்தைப் பற்றி ஒரு சொல். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் பதிவுப் புத்தகத்தில் உள்ள சேசிஸ் இலக்கமும் இஞ்சின் இலக்கமும் காரில் உள்ளதோடு ஒத்துவர வேண்டும். ஒப்பம் மட்டும் வைத்த வெறும் கடதாசியோடு கைமாறி வந்த காரென்றால், உரிமையாளர் உயிரோடு இருக்கிறாரா, இல்லையென்றால் உரித்தாளர்கள் யார் என்று பாருங்கள். 2022இல் பெற்றோல் கியூ.ஆர். முறைக்கு வந்தபோது சேசிஸ் இலக்கம் சரியாக இல்லாத எத்தனையோ கார்கள் வளவுக்குள்ளேயே நின்றதை நான் கண்டேன். 2020 பங்குனியில் நின்ற கார் இறக்குமதி 2025 மாசியில்தான் திரும்பத் தொடங்கியது. இடைப்பட்ட ஐந்து வருடத்தில் பழைய கார்களுக்கு ஏறிய விலையில், அவசரப்பட்டுப் பத்திரம் பார்க்காமல் வாங்கியவர்களும் உண்டு.

இலக்கம் என்றவுடன் சண்டிலிப்பாய்க் காரின் இலக்கத் தகடு நினைவுக்கு வருகிறது. அந்தக் காரின் தகட்டைச் சுரண்டியபோது நடு எழுத்தடியில் தார் தட்டுப்பட்டது. 1957, 58இல் வாகன இலக்கத் தகட்டில் வந்த சிங்கள ஸ்ரீ எழுத்துக்கு எதிராக எங்கள் பகுதியில் நடந்த போராட்டம் மூத்த நேயர்களுக்கு நினைவிருக்கும். சிங்கள எழுத்தைத் தாரால் மறைத்துத் தமிழ் எழுத்தை எழுதி ஓடினார்கள். அந்தத் தகட்டை நான் சுத்தம் செய்யவில்லை. கழற்றி ஆச்சியிடம் கொடுத்துவிட்டு, காருக்கு வேறு தகடு போட்டேன்.

இனி உடம்பு. வீட்டுக் காந்தம் ஒன்றைத் துணியில் சுற்றித் தகட்டில் வைத்துப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் தகடு இல்லை, பட்டிதான் இருக்கிறது. கடற்காற்று அடிக்கிற குடாநாட்டில் கதவுக்குக் கீழ் வரம்பும், பின் வில்லுத் தகடு பொருந்துகிற இடமும்தான் முதலில் உக்கும். அப்படியே மைனரின் பொனற்றையும் பாருங்கள். நடுவில் நாலு அங்குல அகலத்தில் தட்டையாக ஒரு கோடு ஓடும். அலெக் இசிகோனிஸ் இந்தக் காரை வடிவமைத்தபோது, மாதிரிக் கார் ஒடுக்கமாகத் தெரிகிறதென்று அதை நெடுக்காக இரண்டாக அறுத்து, பாதிகளைத் தள்ளித் தள்ளிப் பார்த்து, நாலு அங்குலத்தில் நிறுத்தினார். 1948இல் வெளிவந்து 1971 வரை பதினாறு இலட்சத்துக்கு மேல் விற்ற காரின் அழகு, அறுத்துப் பொருத்தியதில் வந்த அழகு.

முன் சில்லைத் தாங்குகிற ட்ரனியன் என்ற சாமானை மட்டும் தயவுசெய்து மறந்துவிடாதேயுங்கள். புரிமேல் நிற்கிற அமைப்பு அது. கிறீஸ் அடிக்காமல் விட்டால் புரி தேய்ந்து, ஒரு நாள் முடக்கில் திருப்பும்போது சில்லு உள்ளே மடிந்துவிடும். சங்கானைச் சந்தையடியில் அப்படி மடிந்து கிடந்த ஒரு காரைத் தூக்கப் போயிருக்கிறேன். மெதுவாகத் திரும்பியபடியால் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

இஞ்சினைப் பற்றிச் சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் தந்தாலும் போதாது. 948 சிசி, 37 குதிரை வலு. அதே 1958இல் வந்த ஒஸ்ரின் ஹீலி ஸ்பிறைற் என்ற ஸ்போர்ட்ஸ் காருக்கும் இதே இஞ்சின்தான். இரண்டு எஸ்.யு. காபரேற்றர் பூட்டி 43 குதிரைக்குக் கொண்டுவந்தார்கள். ஸ்பிறைற்றின் ஸ்ரியறிங் பல்லுச்சட்டம்கூட மைனருடையது. 1961இல் எம்.ஜி. மிட்ஜெற்றுக்கும் இந்த இஞ்சின் போனது. இங்கிலாந்தில் அந்தக் கார்களை விரும்பி வைத்திருக்கிறவர்களால் இன்றைக்கும் சாமான்கள் புதிதாகச் செய்யப்படுகின்றன. லண்டனிலிருந்து திருவிழாவுக்கு வருகிற எங்கள் ஆட்கள் பெட்டிக்குள் கஸ்கற் செற் கொண்டுவந்து தருகிறார்கள். "அண்ணை, இதை ஸ்போர்ட்ஸ் காராக்கலாமோ?" என்று இளம்பிள்ளைகள் கேட்பார்கள். "ஓம் ராசா, ஆக்கலாம். முதலிலை பிறேக்கைப் பாப்பம்" என்பேன். நாலு சில்லுக்கும் டிறம் பிறேக். அதன் மாஸ்ரர் சிலிண்டர் ஓட்டுகிறவரின் காலடியில், தரைக்குக் கீழே ஒளிந்திருக்கும். வருடக்கணக்கில் நின்ற காரில் அதைக் கழற்றிப் புது றப்பர் போடாமல் ஒரு அடிகூட ஓட்டக் கூடாது.

சண்டிலிப்பாய் இஞ்சினின் தலையைக் கழற்றியபோது உள்ளே ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டு கஸ்கற் இருந்தது. என்னோடு நின்ற பெடியன், "ஆரோ பிழையாப் போட்டிருக்கினம்" என்றான். பிழையில்லை. அது மண்ணெண்ணெய்க் காலத்து வேலை.

இளைய நேயர்களுக்காகச் சொல்கிறேன். சண்டைக் காலத்தில், 1990இலிருந்து பெற்றோலும் பற்றறியும் எங்களுக்குத் தடைசெய்த பொருள்களாக இருந்தன. அப்போது எங்களைக் காவியவை இந்தப் பழைய ஒஸ்ரின்களும் மைனர்களும்தான். சேலைன் குழாயால் ஒரு சின்னப் போத்தலிலிருந்து காபரேற்றருக்குச் சொட்டுச் சொட்டாகப் பெற்றோல் விட்டு, முன்னால் ஹான்டில் போட்டுச் சுழற்றி இஞ்சினை எழுப்புவோம். சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். குளிர்ந்த இஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. அமுக்கம் கூடிய இஞ்சினில் அது நேரத்துக்கு முதலே வெடித்து, பிஸ்டனைத் தட்டத் தொடங்கும். பழைய ஆங்கிலக் கார்களுக்கு அமுக்கம் குறைவு. மைனருக்குத் தொழிற்சாலையே 8.3, 7.2 என்று இரண்டு அளவில் பிஸ்டன் கொடுத்தது. கூடின அமுக்கமுள்ள இஞ்சினைக் குறைக்கத்தான் அந்த இரண்டாவது கஸ்கற். செப்பும் அஸ்பெஸ்ரசும் சேர்ந்த அந்தத் தகட்டின் தடிப்பளவுக்குத் தலை உயரும், தட்டல் நிற்கும். பள்ளிக்கூடத்தில் பௌதிகம் படிக்காத ஒரு மெக்கானிக் காதால் கேட்டுக் கண்டுபிடித்த கணக்கு அது. அந்த வேலையைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன்.

அப்படி ஓடிய இஞ்சினை வாங்குகிறவர்கள் ஒன்று கவனியுங்கள். எரியாத மண்ணெண்ணெய் சுவரோரமாகக் கீழே இறங்கி சம்ப் எண்ணெயோடு கலக்கும். அளவுக் கம்பியில் எண்ணெய் கூடியிருக்கும், ஆனால் தண்ணீர் மாதிரி இருக்கும். அதோடு ஓடினால் பெயரிங் தேயும். நான் கிறாங்கைக் கழற்றி அளந்து, புதுப் பெயரிங் போட்டு, கஸ்கற்றை ஒன்றாக்கிப் பெற்றோலுக்குத் திருப்பினேன். பழைய கஸ்கற் இரண்டும் என் கராச்சுச் சுவரில் ஆணியில் தொங்குகின்றன.

மற்றது தண்ணீர். வலிகாமத்துக் கிணறுகள் சுண்ணாம்புக்கல்லைக் குடைந்தவை. கேத்தலில் படிகிற வெள்ளை றேடியேற்றருக்குள்ளும் படியும். இந்தக் காரின் இஞ்சின் புளொக்கின் பின்பக்கத்துத் திருகைக் கழற்றியபோது ஒரு சொட்டும் வரவில்லை. கம்பியால் குத்தி, சிரட்டையளவு சுண்ணாம்புச் சேறு எடுத்தேன். நாலாவது சிலிண்டர் சூடாகிறதென்று யாராவது சொன்னால் முதலில் அங்கே பாருங்கள். மாரியில் மழைத்தண்ணீரைப் பிடித்து வைத்து ஊற்றுங்கள்.

நேரம் ஓடிவிட்டது. வயறிங்குக்கு ஒரே ஒரு எச்சரிக்கை: மைனருக்குப் பற்றறியின் பிளஸ் முனைதான் உடம்போடு பூட்டுவது, இந்தக் காலத்துக் காருக்கு எதிர்மாறு. பெயின்றைக் கடைசியில் அடியுங்கள், அண்ணர் அடித்த மட்காட்டின் நிறத்தையே நான் முழுக் காருக்கும் எடுத்தேன்.

2013 ஆவணியில் வேலை முடிந்தது. பதினேழு பேணியும் காலி. ஆச்சியை முன் சீற்றில் இருத்தி, சீரணி நாகபூசணி அம்மன் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கியர் மாற்றும்போது வருகிற அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டு, "இதுதான் தம்பி, இதுதான்" என்றா.

உங்கள் வீட்டுப் பறணிலும் அப்படிப் பேணிகள் இருக்கலாம். பழைய இரும்புக்காரன் படலையில் மணியடிக்க முதல் ஒருமுறை இறக்கித் திறந்து பாருங்கள். கார்ப் புத்தகமும் சேர்ந்து கிடந்தால் இன்னும் நல்லது. உங்கள் காரின் ஹோண் சத்தத்தை மானிப்பாய் றோட்டில் கேட்க எனக்கு ஆசை.