அதிமதுரமும் வயிற்றுப் புண்ணும்

(மைய அரசு அலுவலர்களும் முதுகலை மாணவர்களும் கலந்துகொண்ட பயிற்சி வகுப்பொன்றில் ஆற்றிய உரை)



மருத்துவம் பயிலாத ஒருவன் வயிற்றுப் புண்ணைப் பற்றிப் பேச முன்வருவது உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். நான் பொருளாதாரம் படித்தவன். ஆயினும் மூலிகை ஆராய்ச்சிக்கு நிதி ஒதுக்கும் கோப்புகள் என்னைப் போன்றோரின் மேசையைக் கடந்தே செல்கின்றன. எந்தச் சோதனைக்குப் பணம் தருவது, எதற்கு மறுப்பது என முடிவு செய்பவன், சோதனை என்றால் என்ன என்பதையாவது அறிந்திருக்க வேண்டுமல்லவா?

அதிமதுரத்தை எடுத்துக்கொள்வோம். நம் நாட்டு மருத்துவ முறைகளில் நெடுங்காலமாக வழங்கிவரும் வேர் அது. 1946இல் ரெவர்ஸ் என்ற டச்சு மருத்துவர், அதிமதுரச் சாரத்தை உட்கொண்டவர்களின் இரைப்பைப் புண் ஆறியதாக எழுதினார். அத்துடன் அவர் நிற்கவில்லை. ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு உடலில் வீக்கம் கண்டது என்பதையும் மறைக்காமல் பதிவு செய்தார். என் கருத்தில் இந்த இரண்டாவது செய்தியே கூடுதல் மதிப்புடையது. அதிமதுரத்தின் இனிப்புக்குக் காரணமான கிளிசிரைசின், உடலில் உப்பையும் நீரையும் தங்கச் செய்து, பொட்டாசியத்தை வெளியேற்றி, இரத்த அழுத்தத்தை உயர்த்துகிறது என்பது பின்னர் தெளிவாயிற்று.

அந்த வேரிலிருந்து பிரிட்டனில் கார்பெனாக்சலோன் என்ற மருந்தை உருவாக்கினார்கள். 1962இல் ரிச்சர்டு டாலும் அவருடைய குழுவினரும் அதன் சோதனை முடிவை வெளியிட்டனர். நோயாளிகளில் ஒரு பிரிவினருக்கு மருந்து. மற்றவர்களுக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை. ஏன் இந்த ஏற்பாடு? வயிற்றுப் புண் பலருக்குத் தானாகவே ஆறிவிடும். படுத்து ஓய்வெடுத்தாலும், புகைபிடிப்பதை நிறுத்தினாலும் இரைப்பைப் புண் விரைவில் ஆறும் என்று டால் முன்னரே அளந்து காட்டியிருந்தார். ஆகவே, மருந்து உண்டவர் குணமடைந்தார் என்பதால் மருந்தினால் குணமடைந்தார் என்று ஆகிவிடாது. அச்சோதனையில் இரைப்பைப் புண் விரைந்து ஆறியது. முன்சிறுகுடற் புண்ணுக்குப் பயன் தெரியவில்லை. பழைய வீக்கமும் விட்டபாடில்லை.

கிளிசிரைசினை நீக்கிய சாரத்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். வீக்கம் நின்றது. ஆனால் 1978இல் வெளியான ஒரு பிரிட்டிஷ் சோதனையில், இரைப்பைப் புண்ணை ஆற்றுவதில் அது வெறும் மாத்திரையை விஞ்சவில்லை. தீமையை நீக்கப் போய் நன்மையையும் நீக்கிவிட்டார்களோ என்னவோ!

நம் நாட்டு ஆய்வுகள் பலவும் எலியோடு நின்றுவிடுகின்றன. எலியின் இரைப்பைக் கீழ்வாயைக் கட்டியோ, ஆஸ்பிரின் கொடுத்தோ சில மணி நேரத்தில் புண்ணை உண்டாக்கலாம். இவற்றில் பெரும்பாலும் சாரத்தை முதலில் கொடுத்துவிட்டுப் பிறகே புண்ணை உண்டாக்குகிறார்கள் என்பதைக் கவனியுங்கள். அது புண் வராமல் தடுக்கும் ஆற்றலைக் காட்டலாம்; வந்த புண்ணை ஆற்றும் என்பதற்குச் சான்றாகாது. அதற்கு அசெட்டிக் அமிலத்தால் நாட்பட்ட புண்ணை உண்டாக்கி, பல நாள் மருந்து கொடுத்துப் பார்க்கும் முறை தனியே உண்டு. கோப்பில் "புண்ணாற்றும் குணம் நிறுவப்பட்டது" என்ற சொற்றொடரைக் கண்டால், எந்த முறையில் என்று கேளுங்கள்.

இன்று கேள்வியும் மாறிவிட்டது. 1982இல் மார்ஷலும் வாரனும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமியைக் கண்டறிந்தனர். 2005இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. பெரும்பாலான புண்களுக்கு இக்கிருமியோ வலி நீக்கும் மாத்திரைகளோதாம் காரணம். கிருமியை ஒழித்துப் புண்ணை ஆற்றும் சிகிச்சை இருக்கையில், 1962இல் செய்ததுபோல் நோயாளிக்கு வெறும் மாத்திரையை மட்டும் கொடுத்துக் காத்திருப்பது அறமாகாது. வழக்கமான சிகிச்சையோடு சாரத்தையும் சேர்த்தால் கூடுதல் பயன் உண்டா என்றே பார்க்க வேண்டும். அதற்கு நோயாளிகள் பலர் வேண்டும், செலவும் ஏறும்.

சாரம் ஒவ்வொரு முறையும் ஒன்றுபோல் இருக்கவேண்டும் என்பது மற்றொரு தொல்லை. நிலம், பருவம், உலர்த்தும் முறை எல்லாமே வேரின் சத்தை மாற்றும். 2015இல் வந்த தாவர மருந்து விதிகள், குறைந்தது நான்கு வேதிப்பொருள்களையேனும் இனங்கண்டு அளந்து காட்டவேண்டும் என்கின்றன. நல்ல விதி.

சில ஆண்டுகளுக்கு முன் வயிற்றுப் புண்ணுக்கான ஒரு மூலிகைச் சாரம் குறித்த கோப்பு என்னிடம் வந்தது. எலிச் சோதனை முடிந்திருந்தது. மனிதரிடம் சோதிக்கப் பெருந்தொகை கேட்டிருந்தார்கள். அத்துடன் மேலும் ஒரு சுற்று எலிச் சோதனைக்குச் சிறுதொகை. பெரியதை அடித்துவிட்டுச் சிறியதற்கு இசைவு தந்த குறிப்பில் என் கையெழுத்தும் இருக்கிறது. சிக்கனம் என்றே அன்று எண்ணினேன். இரண்டாம் சுற்று எலிகளும் முதற் சுற்று எலிகள் சொன்னதையே சொல்லின. அந்தச் சாரம் ஒரு நோயாளிக்காவது பயன்படுமா என்பது இன்றுவரை எவருக்கும் தெரியாது.