நாவின் வெறுப்பும் நம் அறிவும்

(ஜார்ஜ் டவுனில் தோட்டத் தொழிலாளர்களிடையே ஆற்றிய உரை)

இந்நகர வீதிகளிலே விளம்பரப் பலகைகளைக் காண்கிறோம். சிரிக்கும் முகத்தருகே ஒரு பானம். கவனியாதவரே அதில் மயங்குவர் என்றுதான் நாமும் எண்ணியிருந்தோம். பல ஆய்வுகளைத் தொகுத்து 2010இல் வெளியான கட்டுரையோ, இரண்டும் சேர்ந்து வருவதைக் கவனித்தவர்களிடமே விருப்பம் மிகுதியாக மாறிற்று என்கிறது!

நாவின் வழக்கோ வேறு. பாலிக் புலாவ் டுரியானை உண்ட இரவிலே காய்ச்சலும் வாந்தியும் கண்ட பிள்ளை, பின்னர் அதன் மணத்தையே வெறுப்பதுண்டு. குற்றம் காய்ச்சலுடையது என அறிந்தும் வயிறு கேளாது. 1955இல் அமெரிக்க அறிஞர் ஜான் கார்சியா, எலிகளை இனிப்பு நீர் பருகச் செய்து கதிர்வீச்சுக்கும் உட்படுத்தினார். பின்னர் அவை அந்நீரையே ஒதுக்கின. எனவே, அப்பிள்ளையை அடித்து உண்பிக்க வேண்டாம். காய்ச்சல் நாளில் புதிய உணவையும் ஊட்டாதிருப்போம்.