கையே முதல் ஏடு

(திருச்சிராப்பள்ளி, ஸ்ரீரங்கம் வாழ் சமணக் குடும்பங்களின் பெற்றோர் கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரை)



மூன்று அகவை நிறைவதற்குள் குழந்தையின் கையில் எழுதுகோலைத் திணிக்கும் வழக்கம் இன்று வீடுதோறும் பரவியுள்ளது. எழுத்துக் கோட்டுக்குள் அடங்கவில்லை என்று தாய் வருந்துகிறார், குழந்தை அழுகிறது. ஓராண்டு கழிந்தபின் புத்தகத்தைக் கண்டாலே அது முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. எழுதுகோலை ஆளும் வலிவு விரல்களுக்கு வாராத பருவம் அது. அப்பருவத்தில் கைக்கு உரிய கல்வி வேறு உண்டு. அதனை நெறிப்படுத்தி உலகுக்கு அளித்த மரியா மாண்டிசோரி அம்மையார், தம் முதிய வயதில் பல ஆண்டுகளைத் தமிழ் மண்ணில் கழித்தவர் என்பது பலர் அறியாத செய்தி.

இத்தாலியில் 1870-இல் பிறந்து மருத்துவம் பயின்ற அம்மையார், 1907-இல் உரோம் நகரத்து ஏழையர் குடியிருப்பு ஒன்றில் தம் முதல் ‘குழந்தைகள் இல்ல’த்தைத் திறந்தார். பிரம்ம ஞான சபைத் தலைவர் ஜார்ஜ் அருண்டேலும் அவர்தம் துணைவியார் ருக்மிணி தேவியும் அழைக்க, 1939 நவம்பரில் சென்னை அடையாற்றுக்கு வந்து சேர்ந்தார். ஓலைக் கொட்டகைகளில் நடந்த முதற்பயிற்சியில் ஏறத்தாழ 300 பேர் பயின்றனர். மறு ஆண்டு இத்தாலி போரில் இறங்கவே, ஆங்கில அரசு அவருடைய மகன் மரியோவைத் தடுப்பு முகாமில் அடைத்தது. அம்மையாரும் அடையாற்றை விட்டு நீங்கலாகாது என்று கட்டளையிட்டது. எழுபதாம் பிறந்த நாளை ஒட்டித்தான் மகன் தாயிடம் திரும்பினார். பின்னர் 1942 முதல் ஏறத்தாழ ஈராண்டுகள் கொடைக்கானலில் தங்கிக் குழந்தைகளோடு பணி செய்தார்.

அதற்கும் முன்பே அவர் நெறி இந்தியாவில் வேர்விட்டிருந்தது. அகமதாபாத்தின் சமணக் குடும்பத்தினராகிய அம்பாலால் சாராபாய், சரளாதேவி இணையர், தம் மக்களுக்கென வீட்டிலேயே மாண்டிசோரி நெறியில் ஒரு பள்ளி அமைத்தனர். அங்குப் பயின்றவர்களுள் ஒருவரே, பிற்காலத்தில் இந்திய விண்வெளி ஆய்வுக்கு வித்திட்ட விக்ரம் சாராபாய். செல்வர் வீட்டுக் கதை இது என்று ஒதுக்கிவிட வேண்டா. தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப் பள்ளிகளில் 2007-08ஆம் ஆண்டில் மாநிலம் முழுவதும் பரவிய ‘செயல்வழிக் கற்ற’லும் இந்நெறிக்கு நெருங்கிய உறவுடையதுதான். அங்கே பிள்ளைகள் பாயில் அமர்ந்து, அட்டைகளைத் தாமே எடுத்துப் பயின்றனர்.

நெறியின் உயிர்நிலை எது? பொருள்களுள் ஒன்றைப் பார்த்தால் விளங்கும். ஒரு மரக்கட்டையில் பத்துக் குழிகள். அவற்றில் பொருந்தும் பத்து உருளைகள். குழந்தை ஓர் உருளையைத் தவறான குழியில் இட்டால், இறுதியில் ஒன்று எக்குழியிலும் அடங்காமல் எஞ்சி நிற்கும். ‘தப்பு’ என்று சொல்ல ஆசிரியர் வேண்டியதில்லை, கட்டையே சொல்லிவிடுகிறது. குழந்தை அனைத்தையும் எடுத்து மீண்டும் தொடங்குகிறது. பெரியவர் செய்யத்தக்கது வாய் திறவாமல் இருத்தல் ஒன்றே. அதுவே மிகக் கடினம்!

இன்னொன்று, ஒரு செ.மீ. முதல் பத்து செ.மீ. வரை படிப்படியாகப் பெருகும் பத்துக் கனசதுரங்களால் ஆன கோபுரம். ஸ்ரீரங்கத்துப் பிள்ளைகளுக்கு இவ்வரிசை புதிதன்று. தெற்கே 236 அடி உயர்ந்து 1987-இல் நிறைவுற்ற இராஜகோபுரத்தில் தொடங்கி உள்நோக்கி நடந்தால், வாயில்தோறும் கோபுரம் சிறுத்துக்கொண்டே வரும். நடந்து கண்ட அவ்வரிசையைக் கட்டைகளால் வீட்டில் அடுக்கத் தருதல் எளிது.

ஓவியத்தைப் பற்றிச் சற்று விரிவாகக் கூற வேண்டும். பெரும்பிழை நிகழும் இடம் அதுவே. அம்மையார் சிறு குழந்தைக்குப் படம் வரையக் ‘கற்பிக்க’ முனையவில்லை. கண்ணையும் கையையும் ஆயத்தம் செய்தார். முதலில் சிவப்பு, மஞ்சள், நீலம் என மூன்று நிற இணைகளைப் பொருத்துதல். அடுத்துப் பதினோர் இணைகள். அதன்பின் ஒவ்வொரு நிறத்தையும் அடர்ந்ததிலிருந்து வெளிறியது வரை ஏழு படிகளாக அடுக்குதல். கைக்கு உலோகச் சட்டங்கள். வட்டம், முக்கோணம் முதலிய பத்து வடிவங்களின் ஓரத்தை ஒட்டி வரைந்து, உள்ளே கோடுகளால் நிரப்புதல். இப்பயிற்சியே பின்னர் எழுதும் கையாகிறது. இங்குள்ள இல்லங்களில் என்ன நடக்கிறது? பள்ளி கேட்ட கைவினையைத் தாய் இரவெல்லாம் அமர்ந்து முடிக்கிறார், குழந்தை உறங்குகிறது. காலையில் வாசலில் குழந்தை கோணலாக இட்ட புள்ளிகளைப் பாட்டி துடைத்துவிட்டு அழகாக இடுகிறார். பாட்டியின் கோலம் அழகுதான். எனினும் பக்கத்தில் ஒரு சாண் இடம் குழந்தைக்கு விடலாம்.

விலை உயர்ந்த பொருள்கள் வேண்டுமோ என்று அஞ்ச வேண்டா. மாண்டிசோரி என்னும் பெயரை எவரும் பெயர்ப்பலகையில் எழுதிக்கொள்கின்றனர். பெட்டி மேல் அச்சிட்டு விற்கின்றனர். காவிரிக் கரைக் கோரைப்பாய் ஒன்று போதும். அதை விரித்தால் அது குழந்தையின் பணியிடம், சுருட்டினால் பணி முடிந்தது. சமணர் இல்லத்து அன்றாட ஒழுக்கங்களிலேயே பயிற்சிகள் நிறைந்துள்ளன. நீரைத் துணியிட்டு வடிகட்டுதல் நான்கு அகவைக் குழந்தைக்கு அருமையான கைவேலை. சிறு குவளை, சிறு துணி, சிந்தினால் துடைக்க ஒரு கந்தை. பருப்பில் சிற்றுயிர் உளதோ என்று தட்டில் பரப்பிப் பார்த்தலும் அவ்வாறே. (மூன்றுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை பயற்றை மூக்கில் இட்டுக்கொள்ளும், அருகில் பெரியவர் இருக்க வேண்டும்.) கதிர் சாயுமுன் உண்ணும் வீட்டில், வெளிச்சம் இருக்கையிலேயே குழந்தை தட்டுகளை எண்ணி வைக்க இயலும். இதழ்களையும் இலைகளையும் வடிவம் பிரித்து அடுக்க உதிர்ந்தவையே போதும், பறிக்க வேண்டியதில்லை.

இறுதியாக எழுத்து. எழும்பூரில் அனாதைச் சிறுவர் பள்ளியை 1789-இல் ஏற்ற ஆண்ட்ரூ பெல், சென்னை அருகே ஊர்ப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பயில்வதைக் கண்டு, அதனைத் தம் பள்ளியில் கைக்கொண்டார். ‘மதராஸ் முறை’ என்று அவருடைய கல்விமுறை இங்கிலாந்திலும் பரவியது. நூறாண்டுக்குப் பின் அம்மையார் உப்புத்தாளில் எழுத்தை வெட்டி அட்டையில் ஒட்டி, இரு விரலால் தடவி ஒலிக்கச் செய்தார். திண்ணைப் பள்ளியின் மணலும் அம்மையாரின் உப்புத்தாளும் விரலுக்கு ஒன்றுதான். இதில் தமிழ்க் குழந்தைக்கு ஒரு பேறு உண்டு. ஆங்கில எழுத்துகளிற் பலவற்றுக்குப் பெயர் வேறு, ஒலி வேறு. ‘அ’ என்பதற்குப் பெயரும் ஒலியும் ஒன்றே.

செய்யும் முறை எளிது. ட, ப போன்ற நேர்கோட்டு எழுத்துகளை முதலில் தடவத் தந்து, வளைந்தவற்றைப் பின்னர்த் தருக. விரல் தேறியபின், உயிர் பன்னிரண்டையும் ஒரு நிற அட்டையிலும் மெய் பதினெட்டையும் மற்றொரு நிற அட்டையிலும் எழுதுக. சமண முனிவராகிய பவணந்தியார் நன்னூலில் முதலெழுத்து என எண்ணிய முப்பதும் இவையே. ‘ம்’ அட்டையின் அருகே ‘ஆ’ அட்டையை நகர்த்தினால் ‘மா’ பிறக்கிறது. மணி கேட்டு மகிழ்வது போலக் குழந்தை ‘மீ’, ‘மூ’, ‘மோ’ என்று தானே சேர்த்துப் பார்க்கும். 216 உயிர்மெய்களையும் ஒரே நாளில் முடிக்க முயல வேண்டா. ஒரு மெய்யை ஒரு வாரம் வைத்திருக்கலாம். எழுதுகோலைக் குழந்தை தானாக வந்து கேட்கும்போது கொடுக்கலாம்.