வயிற்றுவலிக்கு யார் காரணம்?

நவி மும்பையின் சான்பாடாவிலிருந்து லோக்கல் ரயிலில் தொற்றிக்கொண்டு வேலைக்குப் போகும் அப்பாவுக்கு வாடகைக் கவலை. பத்தாவது படிக்கும் மகனுக்கோ பரீட்சை வந்தாலே வயிற்றுவலி. டாக்டர் பார்த்தார், வயிற்றில் ஒரு கோளாறும் இல்லை. ஆனால், பையன் நடிக்கவில்லை! மனக்கவலை உடம்பிலும் வலியாகத் தெரியலாம்.

கவலைப்பட்டால் உடம்பில் கார்டிசால் என்ற ஹார்மோன் கூடும். அது நாள்கணக்கில் நீடித்தால் தூக்கம் கெடலாம், ரத்த அழுத்தம் ஏறலாம்.

1967-ல் லண்டனில் அரசு ஊழியர்களிடம் ஓர் ஆய்வு தொடங்கினார்கள். மேலதிகாரிகளைவிடக் கடைநிலை ஊழியர்களே இதயநோயால் அதிகம் இறந்தார்கள். புகைப்பழக்கத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும் அந்த வித்தியாசம் முழுசாக மறையவில்லை. வாழ்க்கை நிலையும் உடம்பைத் தொடுகிறது.

மனசு பாரமாக இருந்தால் 14416-க்குப் போன் செய்யலாம். 2022-ல் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவை இது. இலவசம், தமிழிலும் பேசலாம்.

'படிச்சியா?' என்று தினமும் கேட்கிறோம். 'நல்லா தூங்கினியாப்பா?' என்றும் கேட்போமே!