கடல் தெரியாத வீடு



ஓய்வு பெற்றதும் பொம்மையார்பாளையத்தில் வீடு பார்க்கப் போனேன். புதுச்சேரி பக்கம், கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ் உண்டு, ஆதீன மடம் உள்ள பழைய ஊர், கரையிலேயே மீன். கடலைப் பார்த்த ஒரு வீடு மலிவாக வந்தது. என் மனைவிக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

வலை சரிபார்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர்தான், "சார், அதோ அலை உடையுதே, அங்கதான் முன்னே நாங்க கட்டுமரம் ஏத்தி வெப்போம்" என்றார்.

நம் கரையில் வருஷத்தில் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். 1980-களின் பிற்பகுதியில் புதுச்சேரித் துறைமுகத்துக்கு அலைதடுப்புச் சுவர் கட்டியதும் அது தெற்கே தேங்கிவிட்டது. வடக்கே வரவு நின்றது, செலவு நிற்கவில்லை. வங்கியில் இருந்தவனுக்கு இந்தக் கணக்கு புரிய நேரமாகவில்லை! ஓர் ஊருக்குக் கல் கொட்டினால் அரிப்பு அதற்கு வடக்கே உள்ள ஊருக்கு நகர்கிறது.

1991-ல் வந்த கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை பற்றித் தரகரிடம் கேட்டேன். "காபி சாப்பிடலாமா சார்?" என்றார்.

கடைசியில் சாலைக்கு மேற்கே, செம்மண் மேட்டில் ஒரு சின்ன வீடு வாங்கினோம். கடல் தெரியாது, ராத்திரியில் சத்தம் மட்டும் கேட்கும். மனைவிக்கு இன்னும் குறைதான்.

எங்களுக்கு மீன் கொண்டுவருவது அந்தப் பெரியவரின் மருமகள். அவர்கள் வீடு கரையில்தான் இருக்கிறது. "நீங்களும் மேற்கே வந்துடலாமே" என்று ஒருநாள் தெரியாத்தனமாகச் சொல்லிவிட்டேன். "படகை யார் சார் பார்த்துக்குவாங்க?" என்றாள்.